வெள்ளை அனிமோன் கண்ணாடியில் ஏறிக்கொண்டே இருக்கிறது, என்ன வகை? பிழைக்குமா?

கேள்வி:
வணக்கம். 9 மாதமாக ஓடும் 200 லிட்டர் கடல்நீர்த் தொட்டி. நாலு நாள் முன்பு இரண்டு அனிமோன் (பாறையில் ஒட்டிக்கொண்டு பூப்போல இழை விரிக்கும் கடல் உயிரி) வாங்கி விட்டேன். விற்றவருக்கே பெயர் தெரியவில்லை. ஒன்று பழுப்பு, இழைகளின் நுனி குமிழ் குமிழாக இருக்கும். விட்ட அன்றே பாறைப் பொந்தில் பாதத்தை நுழைத்துக்கொண்டு அங்கேயே இருக்கிறது. இன்னொன்று பால் போல வெள்ளை, நுனியில் மட்டும் ஊதா, குமிழ் இல்லை. இதுதான் நிற்க மாட்டேன் என்கிறது. நேற்று இரவு விளக்கு அணைந்த பிறகு காற்றுப் போன பலூன் மாதிரி சுருங்கிவிட்டது, வாயிலிருந்து பழுப்பாக நூல் நூலாக வந்தது. பயந்துபோய் கையால் பெயர்த்துப் பாறையில் வைத்தேன். காலையில் பார்த்தால் மறுபடி கண்ணாடியில். வெப்பம் 26 டிகிரி, உப்பு அடர்த்தி 1.021, நைட்ரேட் 10. செத்துவிடுமோ என்று மனசே சரியில்லை.

பதில் 1:
நண்பரே, முதலில் கையால் பெயர்ப்பதை நிறுத்துங்கள். பாதம் கிழிந்தால் அந்தக் காயத்தில் அழுகல் பிடித்து அனிமோன் செத்துவிடக்கூடும். உங்கள் வெள்ளை அனிமோன் நகர்ந்துகொண்டே இருப்பது இடம் பிடிக்கவில்லை என்பதால். வெளிச்சமும் நீரோட்டமும் ஒத்துவரும் இடம் கிடைத்தால் தானாக உட்காரும்.

பழுப்பு நிறத்தது பப்புள் டிப், அதாவது என்டக்மியா குவாட்ரிகலர். குமிழும், பொந்து தேடும் பழக்கமும் சேர்ந்தால் சந்தேகமே வேண்டாம். பின்னால் குமிழ் மறைந்து இழை நீண்டாலும் பதறாதீர்கள், இந்த வகையில் அது சகஜம். வெள்ளை, நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் காண்டி, கான்டிலாக்டிஸ். கரீபியன் பக்கத்துக் கடலில் வாழ்வது.

அந்த வெள்ளைதான் என் கவலை. அது அழகு நிறமல்ல. அனிமோனின் உடலுக்குள் நுண்பாசி குடியிருந்து, வெளிச்சத்தில் உணவு சமைத்துக் கொடுக்கும். வந்த பயணத்திலோ இருட்டிலோ பாசியை இழந்துவிட்டால் இப்படி வெளுத்துப் போகும். அதாவது உங்கள் காண்டி பசியோடு வந்திருக்கிறது.

பதில் 2:
மேலே சொன்னதோடு ஒன்று. பவர்ஹெட்டுக்கு, அதாவது தொட்டிக்குள் நீரோட்டம் உண்டாக்கும் பம்புக்கு, ஸ்பாஞ்ச் உறை போட்டிருக்கிறீர்களா? நடமாடும் அனிமோன் இருக்கும்போது இதைத்தான் முதலில் கேட்பேன். என் தொட்டியில் ஒரு பப்புள் டிப் இரவில் பவர்ஹெட்டுக்குள் போய் அரைபட்டது. விடியும்போது தண்ணீர் கலங்கி வெள்ளையாக இருந்தது, இரண்டு மீன் போய்விட்டன. இன்றைக்கே உறை போடுங்கள்.

இரவில் சுருங்கியது பழைய தண்ணீரையும் கழிவையும் வெளியேற்றத்தான். சில மணி நேரத்தில் மறுபடி ஊதிக்கொண்டால் பயமில்லை. டார்ச் அடித்து வாயைப் பாருங்கள். இறுக மூடியிருந்தால் நல்லது. நாள் கணக்கில் பிளந்து கிடந்து, உட்பகுதி வெளியே தள்ளி, சளி சளியாகக் கரைந்து நாற்றம் அடித்தால் உடனே எடுத்துவிட வேண்டும், தொட்டி முழுவதையும் கெடுக்கும்.

கேட்டவர்:
உறை போட்டுவிட்டேன், மிக்க நன்றி. வாய் மூடித்தான் இருக்கிறது. உணவு என்ன கொடுப்பது? பாறையில் ஒரு விரல்நுனி உயரத்துக்குப் பழுப்பாக நாலைந்து குட்டி அனிமோனும் முளைத்திருக்கின்றன. இதன் குட்டிகளா?

பதில் 1:
முதலில் உப்பு. 1.021 குறைவு, அனிமோனுக்கு 1.025 பக்கம் வேண்டும். ஒரே நாளில் ஏற்றாதீர்கள். ஆவியாகிக் குறையும் அளவுக்கு நல்ல தண்ணீருக்குப் பதில் உப்புத்தண்ணீர் ஊற்றி, ஒரு வாரத்தில் மெல்ல ஏற்றுங்கள். விளக்கையும் அப்படியே, வெளுத்த உடம்பில் திடீரென்று கடும் வெளிச்சம் பட்டால் இன்னும் கெடும்.

உணவுக்கு இறால் சதையை சுண்டுவிரல் நகத்தில் பாதி அளவுக்கு நறுக்கி, வாரம் இரண்டு முறை இழையில் படும்படி வையுங்கள். ஒட்டிக்கொண்டு வாய்ப்பக்கம் மடித்துக் கொண்டுபோனால் தெம்பு இருக்கிறது. பெரிய துண்டு வேண்டாம், செரிக்காமல் துப்பிவிடும்.

குட்டிகள் ஐப்டேசியாவாகத்தான் இருக்கும், தொட்டியில் களை மாதிரி பரவும் வேறு வகை அனிமோன். பிய்த்து எடுக்காதீர்கள், மிஞ்சும் சிறு துணுக்கும் புதிதாக முளைத்துவிடும். பெப்பர்மின்ட் இறால் விடுங்கள், அது இவற்றைத் தின்னும். எந்த மருந்து வாங்கினாலும் தாமிரம் இல்லை என்று பார்த்து வாங்குங்கள், தாமிரம் அனிமோனைக் கொன்றுவிடும்.

கேட்டவர், மூன்று வாரம் கழித்து:
உப்பு 1.025. காண்டி ஒரு பாறையின் ஓரத்தில் நின்றுவிட்டது, எட்டு நாளாக நகரவில்லை. இறாலை வைத்ததும் இழைகள் மடங்கி வாய்க்குள் கொண்டுபோவதை நேற்று உட்கார்ந்து முழுதும் பார்த்தேன். தண்டில் மிக லேசாகப் பழுப்பு தெரிகிறது. இனி கோமாளி மீன் விடலாமா?

பதில் 2:
நிறம் திரும்புவது பாசி திரும்புகிறது என்று அர்த்தம், கேட்கவே சந்தோஷம்! மீனுக்குக் காத்திருங்கள். கோமாளி மீன் மேலேயே புரண்டு உரசும், தேறாத உடம்பு தாங்காது. அதோடு காண்டி அவற்றின் இயற்கை வீடல்ல. விடுவதானால் பின்னால் பப்புள் டிப் நன்றாகப் பெருத்த பிறகு விடுங்கள், அதில் குடியேற வாய்ப்பு அதிகம்.