அரசு விழா ஒளிபரப்பு: ஹோஸ்ட் ஃபீட், கிளீன் ஃபீட் – கலைச்சொல் வேண்டும்

காட்பாடி, மொழிபெயர்ப்பு:

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

குடியரசு நாள் அணிவகுப்பு, செங்கோட்டை உரை, குடியரசுத் தலைவர் பதவியேற்பு போன்ற விழாக்களைப் பற்றித் தமிழில் எழுதும்போது எல்லாவற்றுக்கும் 'ஒளிபரப்பு உரிமை' என்று ஒரே சொல்லைப் போட்டுவிடுகிறோம். அந்த ஒரு சொல்லுக்குள் நாலு தனித்தனி அதிகாரங்கள் கிடக்கின்றன: விழா இடத்தில் கேமரா வைக்க விடுவது, அந்த கேமராக்களிலிருந்து கிளம்பும் படத்தை யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்வது, அதை வானில் அனுப்ப உரிமம் தருவது, பதிவான காட்சியின் பதிப்புரிமை. இவற்றைக் கலந்துவிட்டால் அரசின் பிடி எங்கே இருக்கிறது என்பதே தெரியாமல் போகிறது.

1993 ஹீரோ கோப்பை கிரிக்கெட் போட்டியின் ஒளிபரப்பு வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 1995 பிப்ரவரி 9 அன்று உச்ச நீதிமன்றம் அலைவரிசைகள் பொதுச் சொத்து என்று சொன்னது. அதோடு அரசின் ஏகபோகம் ஒழிந்தது என்றுதான் தமிழில் பெரும்பாலும் எழுதப்படுகிறது. ஒழிந்தது உரிமம் தொடர்பான ஏகபோகம் மட்டும். நிகழ்ச்சியை நடத்துபவர் தாம் விரும்பும் நிறுவனத்தைக் கொண்டு படம்பிடித்து அனுப்புவதை, அலைவரிசையைக் காரணம் காட்டி அரசு தடுக்கக் கூடாது என்பதுதான் அந்தத் தீர்ப்பின் போக்கு. அரசு விழாவில் நடத்துபவரே அரசு. ஆகவே அலைவரிசைக்காரராக இழந்ததை விழாக்காரராக அரசு இன்னும் கையில் வைத்திருக்கிறது. தமிழ்ச்சொல்லில் இந்த வேறுபாடு தெரிய வேண்டும்.

நம் கலைச்சொல் பட்டியலுக்கு என் முன்மொழிவு: ஹோஸ்ட் பிராட்காஸ்டர் (விழாவைப் படம்பிடித்துப் பிறருக்கும் தருபவர்) – விழா ஒளிபரப்பாளர். ஹோஸ்ட் ஃபீட் (அவர் தரும் நேரலைப் படமும் ஒலியும்) – மூல ஊட்டு. கிளீன் ஃபீட் – தூய ஊட்டு. குறைகளைச் சொல்லுங்கள்.

குடியாத்தம், கேபிள் கண்ட்ரோல் ரூம்:

ஐயா, வணக்கம். 'ஊட்டு' எங்கள் வேலையில் நிற்காது. ஊட்டுவது கொடுப்பவன் செய்கிற காரியம். கண்ட்ரோல் ரூமில் எவரும் கேட்பது 'ஃபீட் வருதா, நின்னுபோச்சா' என்றுதான். வினை எப்போதும் 'வா'. அதற்கு நம் பக்கத்தில் ஆயத்தமாக ஒரு சொல் இருக்கிறது: வரத்து. பாலாற்று அணைக்கட்டிலிருந்து காவேரிப்பாக்கம் ஏரிக்குத் தண்ணீர் கொண்டுபோவது வரத்துக்கால்வாய். ஓரிடத்தில் திருப்பிவிடுகிறார்கள், பல ஏரிகள் வாங்கிக்கொள்கின்றன. ஃபீடும் அப்படித்தான் பிரிகிறது. மார்க்கெட்டில் தக்காளி வரத்து என்று சொல்வதும் இதே சொல்தான், யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

அடுத்து 'தூய'. இதை ஏற்கவே முடியாது. கிளீன் ஃபீட் என்றால் படம் துல்லியமாக இருக்கிறது என்று பொருளில்லை. புள்ளி புள்ளியாக உடைகிற படமும் கிளீன் ஃபீடாக இருக்கலாம். சேனல் சின்னம், ஓடும் எழுத்து, பெயர்ப்பட்டை, விளம்பரம் எதுவும் மேலே ஏறாத படம் என்பதே பொருள். கிராஃபிக்ஸ் 'ஏத்தியாச்சா' என்பதுதான் புழக்கம். எனவே எழுத்தேறா வரத்து, எழுத்தேறிய வரத்து.

இந்த வேறுபாடு ஏன் முக்கியம் என்றால், உள்ளூர் சேனல்கள் பல, விழா அன்று தூர்தர்ஷனின் இலவச டிடிஎச் சேவையான டிடி ஃப்ரீ டிஷ் பெட்டியின் வெளியீட்டை நேராக, படங்களைக் கலக்கும் மிக்சரில் செருகிவிடுகின்றன. ஜிசாட்-15 செயற்கைக்கோள், 93.5 டிகிரி கிழக்கு, கட்டணம் இல்லை, பூட்டும் இல்லை. ஆகவே அதுவே வரத்து என்று நினைக்கிறார்கள். அது எழுத்தேறிய வரத்து. தூர்தர்ஷன் சின்னமும் பெயர்ப்பட்டையும் அதில் ஏறித்தான் வரும். அதன்மேல் தங்கள் பட்டையை வைத்து மறைக்கிறார்கள், அல்லது படத்தைப் பெரிதாக்கி ஓரத்தை வெட்டுகிறார்கள். வெட்டினால் அணிவகுப்பின் கடைசி வரிசை போய்விடும். மறைத்தால் பிரச்சினை வேறு வகையில் வரும், அதை வக்கீல் அண்ணன்தான் சொல்ல வேண்டும்.

ஒலிக்கும் ஒரு சொல் தேவை. முறையாகக் கொடுக்கப்படும் வரத்தில் ஒலி இரண்டு ஜோடியாக வருவது வழக்கம். ஒரு ஜோடியில் வர்ணனை கலந்த ஒலி, இன்னொன்றில் வர்ணனை இல்லாமல் பேண்டு, பூட்ஸ் சத்தம், கைதட்டல் மட்டும். இந்த இரண்டாவதை இன்டர்நேஷனல் சவுண்டு என்பார்கள். நான் சூழொலி என்கிறேன். தமிழ் வர்ணனை போடுபவர் சூழொலி ஜோடியை எடுக்காமல் முதல் ஜோடியை எடுத்துவிட்டால் இந்தி வர்ணனைக்கு மேல் தமிழ் ஏறி இரண்டுமே புரியாது. காலையில் சோதனைப் பட்டை வரும்போதே எந்த ஜோடி எது என்று ஹெட்போனில் கேட்டுக் குறித்துவைத்தால் தீர்ந்தது. எல்லா ஜோடியிலும் ஒரே பீப் ஒலி வந்தால், பேச்சு வரும்வரை காத்திருந்து மறுபடி கேட்க வேண்டும்.

சூழொலியில் இன்னொரு சிக்கல். தேசிய கீதம் 52 விநாடி, அதே நேரத்தில் 21 குண்டு மரியாதை, சுமார் 2.25 விநாடிக்கு ஒரு வெடி. கண்ட்ரோல் ரூமில் தானியங்கி ஒலிக்கட்டுப்பாடு போட்டிருந்தால், ஒவ்வொரு வெடிக்கும் அது ஒலியை அமுக்கும். மேலே எழும்ப இரண்டு மூன்று விநாடி எடுக்கும்படி வைத்திருந்தால், எழும்புவதற்குள் அடுத்த வெடி. கீதம் முழுவதும் அடியில் கிடக்கும். அந்த நேரத்துக்குத் தானியங்கியை நிறுத்திவிட்டுக் கையால் அளவு வைப்பதே சரி.

சத்துவாச்சாரி, வழக்கறிஞர்:

தம்பி சொன்ன வரத்துக்கு என் ஆதரவு. ஆனால் சட்டப் பக்கத்தில் திசை ஒன்று இருக்கிறது, அதையும் சொல் காட்ட வேண்டும்.

2007 விளையாட்டு ஒளிபரப்பு சிக்னல் சட்டத்தில் தனியார்தான் கொடுக்க வேண்டியவர், தூர்தர்ஷனையும் அகில இந்திய வானொலியையும் நடத்தும் பிரசார் பாரதி வாங்குபவர். தேசிய முக்கியத்துவம் உடையது என்று அறிவிக்கப்பட்ட போட்டியின் நேரலைச் சிக்னலை விளம்பரம் நீக்கிக் கொடுக்க வேண்டும். விளம்பர வருவாயில் உரிமையாளருக்கு 75, பிரசார் பாரதிக்கு 25. வானொலிக்குப் பாதிக்குப் பாதி. இதுதான் கட்டாயப் பகிர்வு. அரசு விழாவில் திசை தலைகீழ்: பிரசார் பாரதி படம் பிடிக்கிறது, தனியார் வாங்குகிறார்கள். இங்கே அந்த 2007 சட்டம் பேசவே பேசாது, அது விளையாட்டுக்கு மட்டும். ஆகவே அரசு விழாவுக்குக் 'கட்டாயப் பகிர்வு' என்று எழுதுவது பிழை. அங்கே நடப்பது மூலவரத்து வழங்கல்.

வரத்து கிடைத்ததாலேயே அதை எங்கும் விடலாம் என்று பொருளில்லை என்பதற்கும் விளையாட்டிலிருந்தே ஒரு தீர்ப்பு உண்டு. 2017 ஆகஸ்டு 22 அன்று உச்ச நீதிமன்றம், பகிரப்பட்ட சிக்னலை பிரசார் பாரதி தன் தரைவழி ஒளிபரப்பிலும் தன் டிடிஎச்சிலும் மட்டும் விடலாம், கேபிள்காரர்களுக்குப் போகவிடக் கூடாது என்றது. கேபிள் சட்டம் 1995 பிரிவு 8 தூர்தர்ஷன் சேனல்களைக் கட்டாயம் காட்டச் சொல்கிறது. அந்தப் பிரிவைக் காட்டி விளையாட்டுச் சிக்னல் கேபிளுக்குள் நுழைவதைத்தான் நீதிமன்றம் நிறுத்தியது. ஒரே படம், போகிற வழி மாறினால் உரிமை மாறுகிறது.

இப்போது குடியாத்தம் கேட்ட மறைப்புப் பட்டை. பதிப்புரிமைச் சட்டம் 1957 பிரிவு 37 ஒளிபரப்பு நிறுவனத்துக்கு மறு ஆக்க உரிமை தருகிறது. ஒளிபரப்பான ஆண்டுக்கு அடுத்த ஆண்டுத் தொடக்கத்திலிருந்து 25 ஆண்டு. தூர்தர்ஷன் சேனலை மாற்றாமல் கேபிளில் கடத்துவது வேறு, அதை எடுத்துத் தன் சேனலில் தன் சின்னத்தோடு மறு ஒளிபரப்பு செய்வது வேறு. முன்னது பிரிவு 8இன்படி கடமை. பின்னது பிரிவு 37இன்படி அனுமதி வேண்டிய செயல். நடப்புச் செய்திக்காகச் சிறு பகுதியை நேர்மையாக எடுத்தாள பிரிவு 39 இடம் தருகிறது. முழு அணிவகுப்பு அதற்குள் அடங்காது. யூடியூப்பில் போட்டால் தானியங்கிப் பொருத்தமே பிடித்துக்கொள்ளும்.

உரிமம் பற்றி ஒரு வரி போதும்: செயற்கைக்கோளுக்குச் சிக்னலை ஏற்றுவது, இறக்குவது பற்றிய 2022 அப்லிங்க், டவுன்லிங்க் நெறிமுறைகளுக்குப் பிறகு நேரலைக்கு முன் அனுமதி தேவையில்லை, முன்பதிவு போதும். கட்டுப்பாடு உரிமத்திலிருந்து நகர்ந்துவிட்டது என்று காட்பாடி ஐயா சொன்னது இதனாலும் சரி.

நகர்ந்து எங்கே போனது? கேமரா நிற்கும் இடத்துக்கு. அதற்குத்தான் சொல் இல்லை. நான் பிடிப்புரிமை என்று வைக்கிறேன். படம்பிடித்தலில் இருந்து வருகிறது. பிடிப்புரிமை ஒருவருக்கு மட்டும் என்றால் தனிப் பிடிப்புரிமை; பலருக்கு என்றால் பொதுப் பிடிப்புரிமை.

வேலூர், கல்லூரி ஆசிரியை:

பிடிப்புரிமை நன்றாக இருக்கிறது. ஆனால் நுழைவு அனுமதியோடு அது குழம்பக் கூடாது. நம் ஊரிலேயே சோதித்துப் பார்க்கலாம். ஜூலை 10 அன்று 1806 சிப்பாய்ப் புரட்சி நினைவுத் தூணில் மரியாதை செலுத்துகிறார்கள். தூண் இருப்பது கோட்டைக்கு வெளியே மக்கான் சந்திப்பில். கேமரா வைக்கப் பத்திரிகையாளர் அடையாள அட்டை போதும். அதே நாளில் கோட்டைக்குள் படப்பிடிப்பு நடத்த வேண்டுமானால் அது தொல்லியல் துறையின் பாதுகாக்கப்பட்ட சின்னம், அவர்களிடம் தனியாக அனுமதி வாங்க வேண்டும். இரண்டுமே நுழைவு அனுமதி. யாரிடமும் தனிப் பிடிப்புரிமை இல்லை. சுதந்திர நாளில் நேதாஜி மைதானத்தில் ஆட்சியர் கொடியேற்றும்போதும் அப்படித்தான், உள்ளூர் சேனல்கள் வரிசையாக முக்காலி போட்டு நிற்கின்றன. டெல்லியில் குடியரசு நாள் அணிவகுப்பு நடக்கும் கடமைப் பாதையில் உள்ளே போக பாஸ் வைத்திருக்கும் நிருபர்கூட நேரலை கேமராவை நினைத்த இடத்தில் வைக்க முடியாது. நுழைவு இருக்கிறது, பிடிப்பு இல்லை.

நான்காவது அதிகாரத்தையும் விட்டுவிடாதீர்கள். 2022 செப்டம்பரில் பிரிட்டன் அரசியின் இறுதிச் சடங்கை உலகமே நேரலையில் பார்த்தது. பிறகு எந்தக் காட்சிகளை மறுபடி காட்டலாம் என்பதில் அரண்மனை கை வைத்தது. பிடிப்பும் பரப்பும் தாராளம், மறுபயனில் கட்டு. இதற்கு மறுபயன் உரிமை என்று தனிச் சொல் வேண்டும். பதிப்புரிமை என்ற பொதுச் சொல்லுக்குள் போட்டால் மறைந்துவிடும்.

காட்பாடி, மொழிபெயர்ப்பு:

ஊட்டையும் தூயதையும் திரும்பப் பெறுகிறேன். வரத்து வாங்குபவர் பக்கத்துச் சொல்லாயிற்றே, அனுப்புபவர் எழுதும் ஒப்பந்தத்தில் பொருந்துமா என்று ஒரு தயக்கம் இருந்தது. ஒப்பந்தங்களும் எந்த இடத்தில் ஒப்படைக்கிறோம் என்றுதான் வரையறுக்கின்றன. ஆகவே அனுப்புபவர் 'வரத்து வழங்குகிறார்' என்று எழுதத் தடையில்லை.

பட்டியலுக்கு இப்படி எழுதிவைக்கிறேன். நுழைவு அனுமதி: விழா இடத்துக்குள் ஆளையும் கருவியையும் விடும் இசைவு, இடத்துக்குப் பொறுப்பானவர் தருவது. பிடிப்புரிமை: விழாவை நேரலைக்காகப் படம்பிடிக்கும் உரிமை, விழா நடத்துபவர் தருவது. மூலவரத்து: பிடிப்புரிமை பெற்றவர் பிறருக்கு வழங்கும் படமும் ஒலியும், எழுத்தேறியது, எழுத்தேறாதது என இருவகை, சூழொலி தனியே உண்டா என்பதைக் குறிப்பிட வேண்டும். பரப்புரிமம்: வானிலோ கம்பியிலோ அனுப்ப அரசு தருவது. மறுபயன் உரிமை: முடிந்த பின் அதே காட்சியை மீண்டும் காட்டுவது.

மாற்றாமல் கடத்துவதற்குப் புதுச்சொல் தேடாதீர்கள். வானொலியில் 'அஞ்சல்' பல காலமாக இருக்கிறது. ஒரு நிலையத்தின் நிகழ்ச்சியை மற்ற நிலையம் அப்படியே எடுத்து விடுவதை அஞ்சல் செய்வது என்கிறோம். குடியரசு நாளுக்கு முந்தைய இரவு குடியரசுத் தலைவர் உரை வானொலி நிலையங்களில் போவது அஞ்சல்தான். பிரிவு 8 கேபிள்காரரிடம் கேட்பதும் அதையே. எனவே மஸ்ட் கேரி – கட்டாய அஞ்சல். குடியாத்தத்தில் வேலை செய்பவர்கள் வாயில் இது வருமா என்று தம்பி கேட்டுச் சொல்லட்டும்.

குடியாத்தம், கேபிள் கண்ட்ரோல் ரூம்:

அஞ்சல் என்றால் போஸ்ட் ஆபீஸ் என்றுதான் முதலில் நினைப்பார்கள் ஐயா. 'கட்டாய' முன்னால் நின்றால் குழப்பம் வராது. தனியாக எழுதும்போது மட்டும் 'அஞ்சல் ஒளிபரப்பு' என்று முழுதாக எழுதிவிடுங்கள். பொதிகை என்று பழைய பெயர் போட்ட எடுத்துக்காட்டு பட்டியலில் ஒன்று இருக்கிறது, 2024 ஜனவரியிலிருந்து டிடி தமிழ், அதையும் திருத்திவிடுங்கள்.