‘நிரந்தர உறைபனி’ வேண்டாமே: நீடுறைநிலம்?

அனைவருக்கும் வணக்கம்.

சைபீரியாவின் லேனா ஆற்றுப் பகுதியைப் பற்றி ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். பெர்மாஃப்ராஸ்ட் (permafrost) என்ற ஆங்கிலச் சொல்லுக்கு வந்ததும் வண்டி நின்றுவிட்டது. ‘நிரந்தர உறைபனி’ என்று எழுதிவிட்டு அடித்தேன். அதில் இரண்டு சொல்லுமே பிழை.

பனி என்றதும் கண்முன் வெள்ளையாக ஏதோ விரிகிறது. இதுவோ மண். தொடர்ந்து இரண்டு ஆண்டுகளாவது வெப்பம் 0 டிகிரி செல்சியஸுக்கு மேல் ஏறாத மண்ணோ பாறையோ எதுவானாலும் இதில் அடங்கும். அதில் ஈரமே இல்லாவிட்டாலும் சரி. கோடையில் மேலே புல் முளைக்கும், லார்ச் மரம் நிற்கும். லேனா கரையிலுள்ள யாகுத்ஸ்க் நகரில் ஷெர்கின் என்ற வணிகர் தண்ணீருக்காகக் கிணறு தோண்டி, 1837இல் 116 மீட்டரில் கைவிட்டார். தண்ணீரும் வரவில்லை, உறைந்த மண்ணும் முடியவில்லை. இதைப் போய்ப் பனி என்பதா?

‘நிரந்தர’மும் அப்படித்தான். இரண்டே ஆண்டு போதும் என்கிற ஒன்று எப்படி நிரந்தரம்? ரஷ்யர்களும் முதலில் ‘நித்திய உறைவு’ என்றுதான் சொன்னார்கள். பிறகு அறிவியல் எழுத்தில் ‘பல ஆண்டு உறைந்த’ என்று மாற்றிக்கொண்டார்கள். அதை அப்படியே எடுத்துப் ‘பல்லாண்டு உறைநிலம்’ எனலாம்தான், ஆனால் படிப்பவர் வாழ்த்துப் பாடத் தொடங்கிவிடுவார்.

வெறும் ‘உறைநிலம்’ போதாதா என்று ஒரு நண்பர் தனிமடலில் கேட்டார். போதாது. குளிர்காலத்தில் மட்டும் உறைந்து வசந்தத்தில் இளகிவிடும் நிலமும் உறைநிலம்தான். உறைவிடம் என்பதை நினைத்துக் குடியிருக்கும் நிலம் என்றும் படிக்கலாம். அதனால் ‘நீடுறைநிலம்’, அதாவது நீண்ட காலம் உறைந்திருக்கும் நிலம், என்கிறேன். நெடுங்காலம் தங்கும் நிலம் என்ற பொருள் இதிலும் எட்டிப் பார்க்கிறது. பார்க்கட்டும், அந்தப் பகுதியின் பழங்குடிகளான சகா (யாகுத்) மக்கள் அதன் மேல்தானே தலைமுறை தலைமுறையாக மாடும் குதிரையும் வளர்க்கிறார்கள்! அதைக் குடைந்து நிலவறை அமைத்து, கோடையிலும் இறைச்சி கெடாமல் வைக்கிறார்கள்.

அப்புறம், கோடையில் இளகிக் குளிரில் மீண்டும் இறுகும் மேல்மண். ஆங்கிலத்தில் இது ‘ஆக்டிவ் லேயர்’ (active layer); ‘செயல்படு அடுக்கு’ என்பது அதற்குச் சொல்லுக்குச் சொல். பனிக்கட்டி உருகும், மண் இளகும். எனவே ‘இளகடுக்கு’.

‘அலாஸ்’ என்பதை மட்டும் மொழிபெயர்க்க வேண்டாம். மண்ணுக்குள் இருக்கும் பனிக்கட்டி உருகித் தரை கிண்ணம்போல் அமிழ்ந்து, நடுவில் ஏரியும் சுற்றிலும் புல்வெளியுமாக ஆகிறது. சகா மக்கள் கால்நடைகளுக்கு வைக்கோல் அறுப்பது அங்கேதான். அது அவர்கள் சொல். உலக அறிவியலே அதைக் கடன் வாங்கியிருக்கிறது. ‘தாழ்புல்வெளி’ என்றால் ஏரியும் போச்சு, அமிழ்ந்த கதையும் போச்சு.

இப்போதைக்கு என் வாக்கியம் இது: “நீடுறைநிலத்தின் மேலுள்ள இளகடுக்கு ஆண்டுக்காண்டு ஆழமாவதால் வீடுகளைத் தாங்கும் தூண்கள் சாய்கின்றன.” வாய்விட்டுப் படித்துப் பார்த்து, நாக்கு எங்கே இடறுகிறது என்று சொல்லுங்கள்.