வியாழக்கிழமை வண்டி யார் ஓட்டுவது?

சித்தி: வியாழக்கிழமை மறுபடியும் தம்பியின் போதைப் பழக்கத்துக்கான மருந்து வாங்கப் போக வேண்டும். இவருக்கு விடுப்பு கிடைக்கவில்லை. யாராவது வண்டி எடுக்க முடியுமா? போக இரண்டரை மணி நேரம், வர இரண்டரை மணி நேரம்.

பெரியப்பா: இன்னும் எத்தனை வியாழக்கிழமை? ஒரு போதையை விட்டு இன்னொன்றைப் பிடித்த கதைதான். பத்து நாள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தால் தீர்ந்துவிடாதா?

நர்ஸ் அக்கா: கோபித்துக்கொள்ளாதீர்கள் பெரியப்பா, ஆபத்தே அதில்தான் இருக்கிறது. பத்து நாளில் உடம்பு பழைய அளவைத் தாங்கும் சக்தியை இழந்துவிடும்; ஆசை மட்டும் போகாது. ஒருநாள் தடுமாறிப் பழைய அளவையே எடுத்தால் மூச்சு நின்றுவிடக்கூடும்.

நர்ஸ் அக்கா: தம்பி இப்போது எடுப்பது பியூப்ரெனார்ஃபின். ஓபியாய்டு என்னும் அபின் வகை வலி மாத்திரைகள் மூளையில் உட்காரும் அதே இடத்தில் இதுவும் போய் உட்காரும், ஆனால் அரைகுறையாகத்தான் வேலை செய்யும். நடுக்கமும் ஏக்கமும் அடங்கும். உலக சுகாதார நிறுவனம் 2005இலேயே இதை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்துவிட்டது.

மாமா: என் சர்க்கரை மாத்திரைக்கு யாரும் இப்படிக் கணக்குக் கேட்டதில்லை. லட்டுக்குத்தான் கேட்கிறார்கள்.

தம்பி: நானும் இந்தக் குழுவில்தான் இருக்கிறேன், பெரியப்பா.

பெரியப்பா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

தம்பி: நீக்க வேண்டாம், படித்துவிட்டேன். முதுகு வலிக்குக் கொடுத்த மாத்திரையில் தொடங்கியது இது. இப்போது காலையில் எழுகிறேன், வேலைக்குப் போகிறேன். மருந்து எனக்குச் சுமையில்லை, பயணம்தான் சுமை. வாரம் ஒருநாள் சம்பளம் போகிறது. என்னோடு வந்துகொண்டிருந்த இரண்டு பேர், பஸ்ஸை நிறுத்தியபிறகு வருவதே இல்லை.

நான்: நம் ஊர் டாக்டரே எழுதிக் கொடுத்தால் என்ன?

நர்ஸ் அக்கா: விதி நாட்டுக்கு நாடு வேறு. அமெரிக்காவில் தனி அனுமதி வாங்கிய மருத்துவர்கள்தான் எழுதலாம் என்று இருந்தது. கிராமப்புறங்களில் அப்படி ஒருவர்கூட இல்லாத பகுதிகள் நிறைய. 2022 டிசம்பரில் அந்த விதியையே எடுத்துவிட்டார்கள். நாமும் கேட்போம்: மருந்து இங்கேயே சுகாதார நிலையத்தில் கிடைக்கட்டும், டாக்டர் வீடியோவில் பார்க்கட்டும், மாதம் ஒருமுறை நேரில் போகலாம். கடிதம் நான் எழுதுகிறேன். அந்த இரண்டு பேரிடமும் கையெழுத்து வாங்க முடியுமா?

தம்பி: ஒருவன் போடுவான். இன்னொருவன் வீட்டில் யாருக்கும் தெரியாது.

சித்தி: இரவில் ஏதாவது ஆகிவிட்டால்? ஆம்புலன்ஸ் வர முக்கால் மணி நேரம் ஆகிறது.

நர்ஸ் அக்கா: நலோக்சோன் ஸ்பிரே வாங்கித் தருகிறேன் சித்தி. அந்த வகை மாத்திரை அளவு மீறி மூச்சு அடங்கினால், அதைத் திருப்பும் மருந்து. உதடு நீலமாகி, குறட்டை போலச் சத்தம் வந்து, தட்டினாலும் எழாவிட்டால், தூங்குகிறான் என்று விட்டுவிடாதீர்கள். ஆம்புலன்ஸைக் கூப்பிட்டு, மூக்கில் அடியுங்கள். இரண்டு மூன்று நிமிடத்தில் மூச்சு சீராகவில்லை என்றால் இன்னொன்று. எழுந்துவிட்டாலும் பக்கத்திலேயே இருங்கள். அதன் வேலை 30 முதல் 90 நிமிடம் வரைதான், மயக்கம் திரும்பக்கூடும்.

மாமா: மூட்டு அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு மிஞ்சிய வலி மாத்திரைகள் என் அலமாரியில் இருக்கின்றன. அவை இந்த வகைதானா?

நர்ஸ் அக்கா: பெயரைப் படம் எடுத்து எனக்குத் தனியாக அனுப்புங்கள் மாமா. இப்போதே.

பெரியப்பா: வியாழக்கிழமை நான் ஓட்டுகிறேன்.

தம்பி: நீங்கள் நாற்பதைத் தாண்டமாட்டீர்களே பெரியப்பா. டாக்டர் பத்து மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார்.

பெரியப்பா: அப்படியென்றால் ஐந்து மணிக்குத் தயாராக இரு.