பிரவுன் பெஸ்ஸில் பொறி பறக்கவில்லை, பெங்களூரில் யாரிடம் காட்டலாம்?

வணக்கம். குழல்வாய் வழியே வெடிமருந்து கெட்டிக்கும் என் துப்பாக்கி, 18ஆம் நூற்றாண்டு பிரிட்டிஷ் படையின் பிரவுன் பெஸ் மாதிரியில் செய்த நகல். உள்ளே வரிப்பள்ளம் இல்லாத, 0.75 அங்குல உள்விட்டக் குழல், முறையான உரிமம் உண்டு. என்னிடம் உள்ளவற்றில் இதன்மேல்தான் எனக்கு உயிர்.

மழைக்காலம் தொடங்கியதிலிருந்து விசையை இழுத்தால் பொறி பறப்பதில்லை. மருந்தில்லாத வெறுங்குழலில்தான் சோதிக்கிறேன். சிக்கிமுக்கிக் கல்லை மாற்றினேன், கல்லைப் பிடித்திருக்கும் தோல் சுற்றைப் புதிதாக்கினேன், கல்லின் சாய்வை மேலும் கீழுமாகத் திருப்பினேன், எண்ணெய்ப் பசை போகத் துடைத்தேன். பலனில்லை. கல் உரசும் எஃகுத் தகடான ஃபிரிசனில் ஆழமான கீறல்கள் விழுகின்றன. மேலே இருந்த கடினப் படலம் தேய்ந்துவிட்டது என்றே நினைக்கிறேன். மென்மையான எஃகில் பொறி பிறக்காது. காட்டிய ஒரே கடையில் விசைப்பகுதியை முழுதாக மாற்றச் சொல்கிறார்கள். மனம் ஒப்பவில்லை.

ஃபிரிசனை மீண்டும் கடினப்படுத்தித் தரக்கூடிய, உரிமம் பெற்ற துப்பாக்கிப் பழுதுபார்ப்பவர் பெங்களூரில் யார் இருக்கிறார்?