அட்லஸா, நிலா அந்துப்பூச்சியா, எது கெட்டி? நேரில் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

மழைவிளக்கு:
விளக்கடியில் சுவரோடு ஒட்டியிருந்தது அட்லஸ், அந்தப் பெரிய அந்துப்பூச்சி. அளவு எல்லாருக்கும் தெரியும், அதை விடுங்கள். விரலைக் கிட்டே கொண்டுபோனேன், பறக்கவில்லை, பொத்தென்று தரையில் விழுந்து இறக்கையை மெதுவாக ஆட்டியது. இறக்கை நுனியில் பாம்புத்தலை போலவே இருக்கிற அந்த வடிவம் அசைந்ததும் என் கை தானாகப் பின்னால் வந்துவிட்டது, வெறும் பூச்சி என்று தெரிந்தும்! இன்னும் அதே நினைப்பாக இருக்கிறது. நீள வால் உள்ள அந்த நிலா அந்துப்பூச்சியும் இப்படிப் பயமுறுத்துமா?

பச்சைவால்:
நிலா அப்படியெல்லாம் செய்து நான் பார்த்ததில்லை. நான் பார்த்ததற்கு ஒரு வால் பாதியில் அறுந்திருந்தது, ஆனாலும் நன்றாகவே பறந்தது. வௌவால் வேலையாகத்தான் இருக்கும். இதன் அமெரிக்கச் சொந்தமான லூனாவை வைத்துச் செய்த ஆய்வு 2015-ல் வந்தது. பறக்கும்போது சுழலும் வால், வௌவாலுக்குத் திரும்பிப் போகிற எதிரொலியைக் குழப்பி, கடியை உடம்பிலிருந்து வால்பக்கம் திருப்பிவிடுகிறதாம். வாலை நீக்கிய பூச்சிகள் அதிகமாகப் பிடிபட்டன. அட்லஸ் ஏமாற்றுவது கண்ணை, நிலா ஏமாற்றுவது காதை. என்னைக் கேட்டால் நிலாதான் கெட்டி.

கூடுதேடி:
மழைவிளக்கு, நீங்கள் பார்த்தது தென்னிந்தியாவில் என்றால் அது அட்லஸ் இல்லை, அட்டாகஸ் தப்ரோபானிஸ். தென்னிந்தியா, இலங்கைப் பக்கம் இருப்பது அதுதான், முன்பு அட்லஸின் துணையினமாக வைத்திருந்தார்கள்.

என் அனுபவம் சின்னது. கூட்டிலிருந்து பெண் பூச்சி வந்த ராத்திரியே ஜன்னல் வலைக்கு வெளியே ஓர் ஆண் ஒட்டிக்கொண்டிருந்தது, அகலமான சீப்பு உணர்கொம்போடு. வாசனை பிடித்தே வந்திருக்கிறது!

அப்புறம் எல்லாரும் ஒன்று கவனியுங்கள், தயவுசெய்து சர்க்கரைத் தண்ணீர் வைக்காதீர்கள். அட்லஸோ நிலாவோ, வளர்ந்த பூச்சிக்கு வாய் வேலை செய்யாது. புழுவாக இருந்தபோது சேர்த்த கொழுப்பில்தான் ஒரு வாரம், பத்து நாள் ஓட்டுகிறது, ஃபோட்டோவுக்காகப் பறக்கவிட்டால் அதுவும் கரைந்துபோகும். விளக்கை அணையுங்கள், போய்விடும். கூட்டை எடுத்து வைத்திருந்தால் பக்கத்தில் ஏறித் தொங்க ஒரு குச்சி வையுங்கள், தொங்கினால்தான் ஈர இறக்கை விரியும். பட்டு வேண்டுமென்றால் காலிக்கூடு போதும். அட்லஸ் கூட்டின் முனையில் வழி இருக்கிறது, பூச்சி போன பிறகும் கூடு முழுசாகக் கிடக்கும். ஒரே இழையாக வராது, பஞ்சு போலத்தான் நூற்க வேண்டும்.

மழைவிளக்கு:
விளக்கை அணைத்தேன், போகவில்லை. விடியும்வரை அதே இடத்தில்தான் இருந்தது. பெண்ணாக இருந்தால் அப்படித்தானா?