உயரம் 155, எடை 82: டைடல் வால்யூமை ஏற்றலாமா?

இரவுப்பணி:
நிமோனியாவில் தொடங்கி ஏஆர்டிஎஸ் (நுரையீரல் வீங்கி ஆக்சிஜன் ஏறாத கடும் நிலை) ஆன ஒரு அம்மா, வென்டிலேட்டரில். உயரம் 155 செ.மீ., எடை 82 கிலோ. டைடல் வால்யூம் (ஒரு மூச்சில் உள்ளே தள்ளும் காற்று) 290 எம்எல், ரேட் (நிமிடத்துக்கு மூச்சு) 28, பீப் (மூச்சு விட்ட பிறகும் உள்ளே நிற்கும் அழுத்தம்) 10, ஆக்சிஜன் 80%. பிளாட்டோ (மூச்சை உள்ளே நிறுத்திப் பார்க்கும் அழுத்தம்) 31. ஏபிஜி (தமனி ரத்த வாயுப் பரிசோதனை): பிஓ2 64, சிஓ2 62, பிஹெச் 7.23. தலையில் காயம், ரத்தக்கசிவு எதுவும் இல்லை. "82 கிலோ ஆளுக்கு 290 எந்த மூலைக்கு? 400 வை, சிஓ2 இறங்கிடும்" என்கிறார் கூட இருக்கும் சீனியர். ஏற்றலாமா?

பழைய ஐசியூ ஆள்:
வேண்டாம். எடை ஏறினால் நுரையீரல் பெரிதாகாது, உயரம்தான் கணக்கு. உயரத்தை வைத்துக் கணக்கிடும் எடை பெண்களுக்கு 45.5 + 0.91 × (உயரம் − 152.4). இவங்களுக்கு 48 கிலோ வருது. 400 வைத்தால் கிலோவுக்கு 8 எம்எல்லைத் தாண்டிடுவீங்க.

2000இல் வந்த ஏஆர்டிஎஸ்நெட் ஆய்வில் கிலோவுக்கு 12 கொடுத்த பக்கம் இறப்பு 39.8%, 6 கொடுத்த பக்கம் 31%. ஆனா முதல் சில நாள் ஆக்சிஜன் நல்லா இருந்தது அந்த 12 பக்கம்தான்! ஏபிஜி அழகாக வருதேன்னு ஏமாறக் கூடாதுன்னு நான் கத்துறது அதனால்தான்.

எனக்கு உறுத்துறது சிஓ2 இல்ல. பிளாட்டோ 31இல் பீப் 10 போக டிரைவிங் பிரஷர் (ஒவ்வொரு மூச்சும் நுரையீரலை விரிக்கும் அழுத்தம்) 21. அது 15க்குள் வரணும். வால்யூமை 240க்கு இறக்குங்க, ரேட் 34. வெளிமூச்சு ஃப்ளோ கோடு அடுத்த மூச்சுக்கு முன்னாடி பூஜ்யத்துக்கு வருதான்னு பாருங்க, வரலைன்னா காற்று உள்ளே தேங்குது. எச்எம்இ ஃபில்டரை (ட்யூபில் மாட்டும் ஈரப்பத வடிகட்டி) கழற்றிட்டு ஹீட்டட் ஹியூமிடிஃபையர் போட்டால் டெட் ஸ்பேஸ் (வாயு மாற்றத்துக்கு உதவாத காற்றிடம்) குறையும். 240இல் அது பெரிய விஷயம். பிஹெச் 7.15க்குக் கீழே போனால் வால்யூமைப் பற்றிப் பேசலாம். எக்கோவில் இதயத்தின் வலது வென்ட்ரிக்கிளையும் ஒரு பார்வை பாருங்க.

காற்றுவழி:
40 பிரஷரில் 40 செகண்ட் ரெக்ரூட்மென்ட் (மூடிக்கிடக்கும் காற்றறைகளை அழுத்தத்தால் திறப்பது) கொடுத்துப் பார்க்கலாமே?

பழைய ஐசியூ ஆள்:
2017 ஆர்ட் ஆய்வில் அழுத்தத்தைப் படிப்படியாக ஏற்றித் திறக்கப் பார்த்தாங்க. அந்தப் பக்கம்தான் அதிகம் பேர் இறந்தாங்க. நான் செய்ய மாட்டேன். பி/எஃப் (பிஓ2வை கொடுக்கும் ஆக்சிஜன் பங்கால் வகுத்தது, 64 ÷ 0.8) 80, குப்புறப் போடுங்க. குப்புறப் போட்டுப் பார்த்த 2013 புரோசேவா ஆய்வில் 28 நாள் இறப்பு 32.8%இலிருந்து 16% ஆனது. ஒரே மூச்சில் குறைந்தது 16 மணி நேரம்.

ஐசியூ சிஸ்டர்:
ஃபீட் நிறுத்திட்டு, கண்ணுக்கு ஆயின்ட்மென்ட் போட்டு மூடிடுங்க டாக்டர். ட்யூப் பல்லுக்கிட்ட எத்தனை செ.மீ.ன்னு எழுதி வைங்க. தலைமாட்டில் ட்யூபைப் பிடிக்கிறவர் சொன்னால்தான் மத்தவங்க திருப்பணும். ஈசிஜி எலக்ட்ரோடு முதுகுக்கு. கன்னம், மூட்டு, மார்பு அழுந்துற இடத்தில் புண் வரும், முகத்தை அடிக்கடி மாற்றிக்கிட்டே இருக்கணும்.

இரவுப்பணி:
240இல் பிளாட்டோ 27, பிஹெச் 7.21. சீனியரும் சரின்னுட்டார். திருப்ப ஆள் வந்தாச்சு. மல்லாக்கப் போட்ட பிறகு, மறுபடி குப்புற வேண்டாம்னு எப்போ முடிவு செய்யறது?

பழைய ஐசியூ ஆள்:
மல்லாக்கப் போட்டு 4 மணி நேரம் கழிச்சும் பி/எஃப் 150க்கு மேல், ஆக்சிஜன் 60%க்குள், பீப் 10க்குள் நின்றால் போதும்.