நேத்து ஷோவுல சத்தத்தை ஏத்தி இறக்குற ஃபேடர் 4.5 தான், "அதிர்ந்துச்சு"னு கதை விடாதீங்க

முள்ளுக்கத்திரி:
காலையில கண்ணைத் திறந்தா மக்கன்பேடா அண்ணன் எழுதி வச்சிருக்காரு, "காட்பாடி ஷோ நெஞ்சை அதிர வச்சிடுச்சு, ஜப்பானுக்கே போய் வந்த மாதிரி"ன்னு. எந்த நெஞ்சுண்ணா அதிர்ந்துச்சு? வராதவங்களுக்காகச் சொல்றேன். இங்கிலாந்து எலக்ட்ரானிக் மியூசிக் ஜோடி கெமிக்கல் பிரதர்ஸ் 2011ல ஜப்பான்ல ஃப்யூஜி ராக் விழாவுல வாசிச்சதைப் படம் பிடிச்சு 2012ல விட்டாங்க, 'டோன்ட் திங்க்'னு. காலேஜ் நாள்ல இருந்து இயர்போன்லயே கேட்டுத் தேஞ்சவன் நான். ஒரு தடவையாவது பெரிய ஸ்பீக்கர்ல கேக்கணும்னுதான் ஆளுக்கு 300 போட்டு சின்ன ஸ்கிரீனை எடுத்தோம். சீட் கைப்பிடியில பாதி தண்ணி பாட்டிலை வச்சுட்டுப் பார்த்துக்கிட்டே இருந்தேன். ஒன்றரை மணி நேரம் அந்தத் தண்ணியில ஒரு வளையம் வரல. பாலாறு மாதிரி செத்துக் கிடந்துச்சு.

அதுக்கு மேல இன்டர்வெல்! பீட் ஏறி ஏறி, இப்ப விழப்போகுதுன்னு மூச்சைப் பிடிச்சிருந்தா லைட்டைப் போட்டுட்டான். கதவைத் தள்ளிக்கிட்டு "பப்ஸ், சமோசா, கோன்". அப்பதான் ஆப்பரேட்டர் ரூம் கதவு திறந்திருந்துச்சு, எட்டிப் பார்த்தேன். ஃபேடர் 4.5.

மக்கன்பேடா:
தம்பி, நான் இன்னா சொன்னேன், நீ இன்னா சொல்லிகினு இருக்க? 38 பேரைச் சேர்த்து, ஹால்காரன் கால்ல விழாத குறையா ஸ்கிரீன் வாங்கிக் கொடுத்தவன் நான். என் மடியில பாப்கார்ன் டப்பா குதிச்சுது. ஃபேடர் 5.5. நான் நின்னு சொல்லி வைக்க வச்சேன்.

முள்ளுக்கத்திரி:
4.5.

காட்பாடி_ஜங்ஷன்:
சாமி இல்லாத கோயில், தண்ணி இல்லாத ஆறுன்னு வேலூரைச் சொல்லுவாங்க. இனிமே 'தொம்'முன்னு அடிக்கிற பேஸ் இல்லாத தியேட்டரையும் சேர்த்துக்கலாம் 😂

ஆம்பூர்க்காரன்:
சாமி 1981லயே ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்கு வந்தாச்சு. நாற்பது வருஷம் தாண்டியும் அதே பழைய பாட்டு.

காட்பாடி_ஜங்ஷன்:
வேலூரைப் பத்தி வேலூர்க்காரங்க பேசிக்கிறோம். நீங்க 2019லயே திருப்பத்தூர் மாவட்டத்துக்குக் குடி போயிட்டீங்க.

ஆம்பூர்க்காரன்:
ஞாயித்துக்கிழமை பிரியாணிக்கு மட்டும் எந்த மாவட்டம்னு பார்க்காம வண்டியை எடுத்துகினு வர்றீங்களே, அப்ப?

பழைய_ஆப்பரேட்டர்:
எல்லாரும் கொஞ்சம் நிறுத்துங்க. 22 வருஷம் ஆப்பரேட்டர் ரூம்ல வெந்தவன் சொல்றேன். தியேட்டர் சவுண்டை ஓட்டுற டால்பி பெட்டியில ஃபேடர் 7தான் கணக்கு. படத்துக்கு ஒலி கலக்குற இடத்துலயும் 7ல வச்சுத்தான் கேப்பாங்க, திரைக்குப் பின்னால ஒவ்வொரு ஸ்பீக்கரும் 85 டெசிபல்னு அளந்து. 7ல இருந்து 4 வரைக்கும் ஒரு எண் இறங்கினா மூணு டெசிபலுக்குக் கொஞ்சம் மேல போகும். 4க்குக் கீழ போனா எண்ணுக்கு 20, அதோட கதை முடிஞ்சுது. 5.5ன்னா 5 டெசிபல் போச்சு, 4.5ன்னா 8 போச்சு. ரெண்டு பேரும் எதுக்கு அடிச்சுக்கிறீங்க? ரெண்டும் தப்பு. 7 வச்சிருக்கணும்.

மக்கன்பேடா:
நாம போட்டது ப்ளூ-ரே சார், தியேட்டர் பிரிண்ட் இல்ல. வீட்டுக்குன்னு கலக்கினதை 7ல போட்டா காது கிழிஞ்சிடும். அதான் 5.5.

முள்ளுக்கத்திரி:
4.5. காது கிழியத்தான் 300 கொடுத்தேன்.

பழைய_ஆப்பரேட்டர்:
கிழியட்டும்னுதான் நானும் சொல்றேன். சத்தத்தைக் குறைச்சா எல்லாம் ஒரே அளவுல குறையும்னு நினைக்கிறீங்க. காது அப்படி வேலை செய்யாது. முதல்ல போறது பேஸ். 1933லயே ஃப்ளெட்சர், மன்சன்னு ரெண்டு பேர் அளந்து கோடு போட்டுக் காட்டிட்டாங்க. அதனால சப் ஊஃபர் நல்லாவே ஓடிக்கிட்டு இருந்திருக்கும், உங்களுக்குத்தான் எட்டியிருக்காது. ஏன் குறைச்சான் தெரியுமா? நகைக்கடை விளம்பரம் அலறும். யாராவது ஒரு பெரியவர் எழுந்து வந்து திட்டுவாரு. குறைப்பான். படம் ஆரம்பிச்சதும் ஏத்த மறந்துடுவான். நானே மறந்திருக்கேன்.

முள்ளுக்கத்திரி:
அதான் சார் நானும் சொல்றேன். 4.5.

காட்பாடி_ஜங்ஷன்:
ரெண்டு வெள்ளைக்காரன் பட்டனைத் தட்டிட்டு நிக்கிறதுக்கு இவ்வளவு சண்டையா? 1986லயே ராஜா சார் 'புன்னகை மன்னன்'ல கம்ப்யூட்டரை வச்சு வாசிச்சுட்டாரு.

முள்ளுக்கத்திரி:
ஆரம்பிச்சுட்டாருய்யா. 1982லயே மும்பைல சரண்ஜித் சிங் ரோலண்ட் கம்பெனியோட பேஸ் மெஷின் 303, டிரம் மெஷின் 808 ரெண்டையும் வச்சுப் பத்து ராகத்துக்கு டிஸ்கோ பீட் போட்டு ரிக்கார்டே விட்டாரு. சிகாகோக்காரன் அந்த 303ஐத் திருகி ரிக்கார்டு விட 1987 ஆச்சு. இதுக்கும் ஃபேடருக்கும் என்ன சம்பந்தம்?

காட்பாடி_ஜங்ஷன்:
யாரும் வாங்காத ரிக்கார்டு தம்பி அது. 2010ல வெளிநாட்டுக்காரன் தூசி தட்டினப்புறம்தான் உனக்கே தெரியும்.

முள்ளுக்கத்திரி:
நீங்க நேத்து ஷோவுக்கே வரல!

காட்பாடி_ஜங்ஷன்:
வராமலேயே தெரியுது பாரு, அதான் அனுபவம்.

மக்கன்பேடா:
தம்பி, நீ உட்கார்ந்தது சுவத்தோரம். ஓரத்துல பேஸ் வராது. நடுவுல உட்கார்ந்த எங்களுக்கு வந்துச்சு.

பழைய_ஆப்பரேட்டர்:
தப்பு. சுவத்தோரத்துல பேஸ் கூடத்தான் செய்யும். மூலையில நின்னு பாருங்க, குடமுழா மாதிரி உருளும். நடு சீட்லதான் ஒரு ஸ்வரம் காணாமப் போகும். 98ல நான் குடியாத்தத்துல இருந்தப்ப ஒரு பையன் இதே சண்டைக்கு வந்தான், அவனை எழுப்பி ஒவ்வொரு சீட்டா உட்கார வச்சு...

மக்கன்பேடா:
சார், குடியாத்தம் கதையைப் போன மாசமே சொல்லிட்டீங்க.

பழைய_ஆப்பரேட்டர்:
பாதிதான் சொன்னேன். நடுவுல நீங்கதான் ஆற்காடு பேடா விலையைக் கேட்டுத் திசை திருப்பிட்டீங்க. அந்தப் பையன் மூணாவது வரிசையில உட்கார்ந்தப்ப இடி மாதிரி வருதுன்னான், ரெண்டு சீட் தள்ளி உட்கார வச்சேன், ஒண்ணும் இல்லன்னான். அதே ஃபேடர், அதே ரீல். அதனாலதான் சொல்றேன், தண்ணி பாட்டிலும் சாட்சி இல்ல, பாப்கார்ன் டப்பாவும் சாட்சி இல்ல.

மக்கன்பேடா:
அப்ப முதல்ல "எட்டியிருக்காது"ன்னு சொன்னது?

பழைய_ஆப்பரேட்டர்:
அது வேற, இது வேற. நான் சொல்றதை முழுசா படிங்க.

ஆம்பூர்க்காரன்:
நான் கேக்க வந்தது ஒண்ணே ஒண்ணுதான். மக்கன்பேடா அண்ணா, 38 பேர் ஆளுக்கு 300ன்னா 11,400. ஸ்கிரீன் வாடகை போக மீதி எங்க?

மக்கன்பேடா:
மீதி கேக்குறவர் போன தீபாவளிக்கு எடுத்துகினு போன ஆம்ப்ளிஃபயர் பாக்கி 1,500ஐ முதல்ல வைக்கட்டும். கணக்கு என்கிட்ட இருக்கு. ஃபேடரும் 5.5.

முள்ளுக்கத்திரி:
என் போன்ல போட்டோ இருக்கு. இன்டர்வெல்லுல எடுத்தேன்.

மக்கன்பேடா:
போடு.

முள்ளுக்கத்திரி:
(படம்)

காட்பாடி_ஜங்ஷன்:
இது என்ன, உன் கட்டை விரலா?

பழைய_ஆப்பரேட்டர்:
பெரிசாக்கிப் பார்த்தேன். புள்ளி தெரியுது, அதுக்கு அப்புறம் 5 தெரியுது. முன்னால இருக்கிற எண் மேல விரல் இருக்கு.

மக்கன்பேடா:
தோ, நான்தான் சொன்னேனே. 5.5.

முள்ளுக்கத்திரி:
விரலுக்குப் பக்கத்துல ஒரு முனை நீட்டிகினு இருக்கு பாருங்க, அது 4க்குத்தான் வரும். நைட் வீட்டுக்குப் போய் வெளிச்சத்தைக் கூட்டிப் போடுறேன்.

பழைய_ஆப்பரேட்டர்:
அதுக்குள்ள குடியாத்தம் கதையை முடிச்சிடுறேன்.